நல்லா இல்லைன்னு சொல்ல ஒரகடம் போனேன்

1991 டிசம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டரைக்குத் தாம்பரத்தில் பஸ் ஏறினேன். ஒரகடத்துக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர், டிக்கெட் மூன்று ரூபாய். மடியில் மாத நாவல்கள் மூன்று. இரண்டு பெட்டிக்கடையில் வாங்கியவை. மூன்றாவதை எழுதியவர் என் பள்ளித்தோழி செல்வியின் வீட்டுக்காரர் குமரேசன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். முதல் கதை அச்சானதும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. வேலையை விட்டுவிட்டு எழுதியே பிழைக்கப் போகிறாராம். "நீதான் நெறைய படிக்கிறவ. வந்து நல்லா இல்லைன்னு சொல்லிடுடி, அடங்கிடுவாரு" என்று செல்வி கெஞ்சியிருந்தாள்.

நான் என்ன பெரிய விமர்சகியா? பஸ்ஸில் படிப்பேன், தூக்கம் வந்தால் மூடிவிடுவேன்.

முடிச்சூர் தாண்டியதும் மழை ஓய்ந்த ஏரி, வயலெல்லாம் தண்ணீர். முதல் நாவலில் எஸ்டேட் முதலாளியைக் கொன்றது தோட்டக்காரன் என்று பத்தாம் பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. துப்பறிகிறவருக்குத்தான் தெரியவில்லை, பாவம். இரண்டாவதில் ஊட்டிக் காதல். அத்தியாயத்துக்கு ஒருமுறை அந்தப் பெண் அழுகிறாள். ஸ்வெட்டரின் நிறம் மட்டும் மாறுகிறது.

படப்பையில் கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "கதை புக்கா? எப்படிம்மா கீது?"

"ஒரே அழுகை, சார்."

"அப்போ குடுத்துட்டுப் போ. எங்க வூட்ல அதான் புடிக்கும்."

ஊட்டியைக் கொடுத்துவிட்டேன். நிம்மதி!

வீட்டிலேயே ஒருமுறை படித்து முடித்திருந்த மூன்றாவதை மறுபடியும் திறந்தேன். ஷிப்ட் மாறும்போதெல்லாம் வீட்டில் விடியலும் மாறிவிடும் ஒரு பெண்ணின் கதை. நடுப்பகலில் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, தூங்கும் கணவனுக்காகப் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கழுவுகிறாள். இரண்டு பக்கம் போனதும் கண் சொருகியது. அரைத்தூக்கத்தில் அந்தப் பெண் பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கை ஈரமாக இருந்தது. வெளியே நாற்றுகளுக்கு நடுவே வானம் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. இறங்கவே மனசில்லை. "ஒரகடம் எறங்கு!" என்ற குரலில் விழித்தேன். பக்கத்தில் ஒரு கீரைக்கூடைதான் இருந்தது.

வல்லம் போகிற சாலையில் பத்து நிமிஷ நடையில் செல்வி வீடு. குமரேசன் சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு, பரீட்சை முடிவுக்கு நிற்பவர் மாதிரி வாசலில் நின்றார். செல்வி அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கண்ணை உருட்டினாள்.

காபியைக் குடித்து முடிக்கக்கூட அவர் விடவில்லை. "உண்மைய சொல்லும்மா. எப்படி கீது?"

வாயில் பொய்யைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். வரவில்லை.

"கடைசி நாலு பக்கம் மோசம்ணே. கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற ஓட்டம்."

"தொண்ணூத்தாறு பக்கத்துக்கு மேல ஒரு வரிகூடப் போடமாட்டாங்கம்மா. மிச்சத்தை நானே வெட்டிட்டேன்." அவர் முகம் விழுந்துவிட்டது. "மத்தது?"

"மத்தது ரொம்ப நல்லா இருக்கு. அந்தப் பொண்ணு இன்னும் என் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கா."

அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். குழாயில் வெகுநேரம் முகம் கழுவும் சத்தம் கேட்டது. செல்வி என் டம்ளரை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு போனாள். சாப்பாட்டுக்கு வஞ்சிரமே வறுத்திருந்தாள். ஆனால் என் தட்டை மட்டும் டங்கென்று வைத்தாள்.

மூன்று மணிக்கு பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தாள்.

"கோவமாடி?"

"பின்ன? நாளைக்கே வேலைய வுட்டுட்டு வந்து நிப்பாரு."

"நீ படிச்சியா அதை?"

சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணு தபா. பாத்திரம் கழுவுறத நான் யாருக்கும் சொன்னதில்லடி. அவரு தூங்குறாருன்னுதான் நெனச்சுக்கினு இருந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "என்னால நல்லா இல்லைன்னு சொல்ல முடியல. அதான் உன்ன வரச் சொன்னேன்."

பஸ் வந்துவிட்டது. படியில் ஏறிய நான், "இப்ப என்ன பண்ணப்போற?" என்று கத்தினேன்.

"வேலைய வுடக்கூடாதுன்னு சண்ட போடுவேன். ஆனா அதுக்கு முன்னாடி, படிச்சேன்னு சொல்லணும். நான் அந்த புக்கத் தொடவே இல்லைன்னு நெனச்சுக்கினு கீறாரு."

பஸ் நகர்ந்தது. என் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். நான் எதைப் படிக்கிறேன் என்றுகூட இதுவரை கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தேன். செல்வி எனக்குக் கைகூடக் காட்டாமல், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள்.