சாயங்கால மாத்திரை

திண்டுக்கல் வெங்காயப்பேட்டையில் மூட்டை தூக்கிய அப்பா, லாரியிலிருந்து மூட்டையோடு விழுந்த பிறகு, எனக்குச் சாயங்காலத்தில் அப்பா இல்லாமல் போனார். வீட்டில்தான் இருந்தார். முதுகு வலிக்குக் கொடுத்த மாத்திரை அபின் வகையாம். போட்ட செத்த நேரத்தில் கண் சொருகிவிடும். நான் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவரும்போது வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருப்பார்.

இந்த மாத்திரையைக் கூட்டவே கூடாது என்று சொன்ன டாக்டரம்மா, தியானம் சொல்லிக்கொடுத்தார். மல்லாந்து படுத்து, மூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ண வேண்டும். வலி வந்தால் அதோடு மல்லுக்கு நிற்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தாங்க முடிந்தால் சாயங்கால மாத்திரையை ராத்திரிக்குத் தள்ளிக்கொள்ளலாம்.

பேட்டைக்காரர்களுக்கு ஒன்று என்று எண்ண வராது. முதல் மூட்டை எப்போதும் லாபம்தான். அப்பா மூச்சையும் அப்படியே லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணினார். தாய்மாமா வாசலிலிருந்தே கேட்பார்: "என்ன மச்சான், இன்னிக்கு எத்தன மூச்சு எறக்குனீக?" அப்பாவுக்குச் சிரிப்பு வரும், சிரித்தால் முதுகு பிடிக்கும். "போ மாப்ள, உன்னால எண்ணிக்க தப்பிருச்சு" என்று மறுபடியும் லாபத்திலிருந்து தொடங்குவார்.

அதன்பின் நான் வரும்போதெல்லாம் விழித்திருந்தார். எழுத்து தெரியாதவர், என்னைப் பாடம் வாசிக்கச் சொல்வார். ஒட்டிப் படுத்துக்கொண்டு வாசிப்பேன். இன்று அப்பா இல்லை. வெளியூரில் வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் சாயங்காலங்களில், அவர் முதுகின் தைல வாடைக்கு மூக்கு ஏங்குகிறது.

அந்த நாட்களில் ஒருநாள் தவளைப் பாடம். நடுவில் நிமிர்ந்து பார்த்தால் அவர் மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. பாயை இறுக்கிப் பிடித்திருந்தார். பாவமாக இருந்தது. எழுந்துபோய் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டினேன்.

"இப்ப வேணாம் அப்பு. நீ வாசி. அந்தத் தலப்பிரட்டைக்கு வாலு என்னாச்சு?"

வால் சுருங்கி மறைந்துவிட்டது என்று வாசித்து முடித்தேன். தெருவில் பையன்கள் கூப்பிட்டார்கள். படியிறங்கும்போது, அப்பா அம்மாவிடம் மாத்திரை கேட்பது காதில் விழுந்தது. என் பாடம் எப்போது முடியும் என்றுதான் இம்புட்டு நேரம் காத்துக் கிடந்திருக்கிறார் போல. எனக்கு வருத்தமாகிவிட்டது. நாளையிலிருந்து சின்னப் பாடமாக வாசிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.