கண்ணாடியில் பதியாத பெருவிரல்

பத்து விரலும் இருந்தும் ரேகை இல்லாதவளாக ஒருநாள் நின்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2008ஆம் வருஷம், ஆகஸ்ட் மாதம். இங்கிலாந்து விசாவுக்கு விண்ணப்பிக்கச் சென்னைக்குப் போயிருந்தேன். கைரேகை எடுக்கும் கண்ணாடி மேல் விரல்களை வைத்தேன். திரையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள்தான் தெரிந்தன. துடைத்துவிட்டு வைத்தேன். அழுத்தி வைத்தேன். அப்போதும் அதே திட்டுதான்.

கவுண்டரில் இருந்த பெண், "கையில என்னம்மா ஆச்சு? தோலே இல்லையே" என்றார். "ஆறின பிறகு வாங்க. ரேகை இல்லாம எங்களால வாங்க முடியாது."

நான் சேரவிருந்த பல்கலைக்கழகம் செப்டம்பர் கடைசிக்குள் நான் வகுப்பில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. தாமதமானால் இடம் போய்விடும். அது போனால் எனக்கு இந்த ஊரிலும் இடம் கிடையாது. அது ஏன் என்று சொல்கிறேன்.

என் அப்பா சாத்தான்குளம் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர். சின்னதாக ஒரு சாம்பிள் சாயப்பட்டறை வைத்திருந்தார். பெரிய பனியன் கம்பெனிகள் ஆர்டரைத் தொடங்கும் முன் நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கொஞ்சம் துணிக்கு மட்டும் சாயம் போட்டுத் தருவதுதான் எங்கள் வேலை. நான் கோயம்புத்தூரில் ஜவுளித் தொழில்நுட்பம் இரண்டு வருஷம் படித்திருந்தேன். அந்த மதிப்பெண்களைப் பார்த்து இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம், "நீங்கள் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம், கட்டணமும் வேண்டாம்" என்று எழுதியது. வீட்டில் ஒரே ஸ்தோத்திரம்தான்.

அந்தச் சந்தோஷத்தில்தான் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். நேராகக் கல்லூரிக்குப் போய் டிசி வாங்கிவிட்டோம்.

"ஏ பிள்ள, எந்த ஊர்லட்டி டிசி இல்லாம சேப்பான்? மொதல்ல அத வாங்கு" என்றார் அப்பா. அவர் சொன்னதில் என்ன தப்பு? எல்.கே.ஜி.யிலிருந்து கல்லூரி வரைக்கும் நமக்குத் தெரிந்தது அதுதானே! பழைய இடத்தில் டிசி வாங்கினால்தான் புதிய இடத்தில் சேர்ப்பார்கள். இங்கிலாந்துக்காரர்களுக்கு டிசி என்றால் என்னவென்றே தெரியாது, அவர்கள் அதைக் கேட்கவும் இல்லை என்று எங்களுக்கு விசா வேலை தொடங்கிய பிறகுதான் புரிந்தது.

கல்லூரி இல்லை. விசா வரவும் நாளாகும். சும்மா இருப்பானேன் என்று பட்டறையில் இறங்கினேன். துணியை வேக வைக்கக் காஸ்டிக் சோடா என்ற காரத்தைப் போடுவோம். பிறகு அலசும்போது அந்தக் காரம் போய்விட்டதா என்று பெருவிரலால் துணியைத் தேய்த்துப் பார்ப்போம். வழுவழுவென்று இருந்தால் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். கையுறை போட்டால் அந்த வழுக்கல் தெரியாது. அதனால் யாரும் போடுவதில்லை. நானும் போடவில்லை. இரண்டு மாதம் அப்படித் தேய்த்ததில் காரம் தோலை அரித்துத்தான் என் ரேகை போனது.

அன்று இரவே சென்னையிலிருந்து ரயில் ஏறினோம். மறுநாள் இருவரும் பழைய கல்லூரிக்கு ஓடினோம். முதல்வர் தன்மையான மனுஷர்தான். "டிசி குடுத்தாச்சுங்க. வேற காலேஜுல இருந்து பொண்ணு ஒண்ணு அந்த எடத்துக்கு மாறி வந்துருச்சு. நான் என்னங்க பண்ணட்டும்?" என்றார். அவரும் வருத்தப்பட்டார். வருத்தத்தை வைத்து நான் என்ன செய்ய?

"அரசன நம்பிப் புருஷனக் கைவிட்ட கதையாப் போச்சே" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அண்ணன் சாமுவேல் அதுவரை என்னை "ஏ, லண்டன்காரி" என்றுதான் கூப்பிடுவான். அன்றைக்கு அவனும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

டாக்டர் ஒரு களிம்பு கொடுத்தார். பட்டறைப் பக்கமே வரக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். காலையில் எழுந்ததும் விரலில் கண்மையைத் தடவி வெள்ளைத் தாளில் ஒற்றிப் பார்ப்பேன். அழுக்குக் கறைபோல விழும். நாளாக ஆகக் கோடுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பித்தன. வலது பெருவிரலில் மட்டும் ஒன்றும் வரவில்லை. துணியைத் தேய்த்துப் பார்த்த விரல் அதுதானே!

நான் ஞாயிற்றுப் பள்ளியில் வளர்ந்தவள். அழகாக ஜெபம் பண்ணுவாள் என்று சபையில் எனக்குப் பெயர். அந்த நாட்களில் எனக்கு ஜெபம் வரவே இல்லை. முழங்கால் போட்டால், கடைசி தேதி கண் முன்னால் வந்து நிற்கும். எழுந்துவிடுவேன். ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன். அதை வெளியே சொல்லவும் பயம்.

எங்கள் பட்டறையில் துணி அலசும் சரசக்கா அவிநாசிக்காரர். ஒருநாள் வீட்டு வாசலில் வந்து நின்று என்னை உற்றுப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, உள்ளதும் போச்சுன்னு இப்பிடி உக்காந்துட்டா ஆச்சா? நான் அவிநாசியப்பங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுத்தான் வந்திருக்கறேன். நீ உன்ற சாமிகிட்டச் சொன்னியா, இல்லியா?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் எனக்காகக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். நான் எனக்காகக்கூடக் கேட்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். "ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு. வேற ஒண்ணும் சொல்லத் தெரியல" என்று ஓவென்று அழுதேன். அவ்வளவுதான் என் ஜெபம். அழகு ஒன்றும் இல்லை. எழுந்தபோது பயம் போய்விடவில்லை. ஆனால் அதை நான் தனியாகச் சுமக்கவில்லை என்று மட்டும் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சபையில் எனக்காக உபவாச ஜெபம் வைத்தார்கள். கம்பெனி வேலையை முடித்துவிட்டு, தலையில் ஒட்டிய பஞ்சோடு, அன்று முழுக்கச் சாப்பிடாமல் வந்து முழங்கால் போட்டார்கள் சபை அக்காமார். அவர்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்!

செப்டம்பர் நடுவில் மறுபடி சென்னை. அப்பாவை உள்ளே விடவில்லை. கவுண்டரில் அதே பெண். ஒன்பது விரலும் பதிந்துவிட்டன. வலது பெருவிரல் பதியவில்லை. திரும்பத் திரும்ப வைத்தேன். சிவப்பு விளக்குத்தான் எரிந்தது. அந்தப் பெண் எழுந்து மேலதிகாரியிடம் போனார். அவர் முடியாது என்று தலையை ஆட்டுவது தூரத்திலிருந்தே தெரிந்தது. "ஆண்டவரே, விட்றாதீங்க, விட்றாதீங்க" என்று உள்ளுக்குள் கதறினேன்.

திரும்பி வந்த அந்தப் பெண் என் முகத்தையே பார்த்தார். "இன்னும் ஒரே ஒரு வாட்டி பாக்கலாம்னு சொல்றார். அந்த விரல உங்க நெத்தியில நல்லா தேச்சிட்டு வைங்க" என்றார்.

அன்று காலையில் அம்மா ஜெப எண்ணெயை என் நெற்றியில் பூசியிருந்தார். வழக்கமாகப் பொட்டளவு தொட்டு வைப்பவர், அன்றைக்கு வழிய வழியப் பூசிவிட்டார். விசா அலுவலகத்துக்கு இந்த எண்ணெய் மூஞ்சியோடு போவதா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அந்த நெற்றியில்தான் பெருவிரலைத் தேய்த்தேன். கண்ணாடியில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"வந்துருச்சு!" என்றார் அந்தப் பெண்.

வெளியே அப்பா நடைபாதையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகையில் பேச்சு வரவில்லை. பெருவிரலை நீட்டிக் காட்டினேன். எங்கள் பக்கத்தில் பெருவிரலைக் காட்டினால் 'ஒன்றும் கிடையாது' என்று அர்த்தம். அவர் முகம் செத்துவிட்டது. "கட்டவெரலக் காட்டிட்டானாட்டி?" என்றார். "இல்லப்பா, பதிஞ்சிருச்சுப்பா!" என்று கத்தினேன். நடுரோடு என்றும் பாராமல் அப்பா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

விசா வந்து, செப்டம்பர் கடைசி வாரத்தில் நான் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். படித்து முடித்துத் திருப்பூருக்கே திரும்பினேன். இப்போது பட்டறையை அண்ணனும் நானும் பார்க்கிறோம். காரம் போனதா என்று சோதிக்க நிறம் மாறும் தாள் வைத்திருக்கிறோம். யாரும் வெறுங்கையை விடுவதில்லை. சரசக்காவுக்கு மட்டும் அந்தத் தாள் மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"எண்ணெய்ப் பசை பட்டா ரேகை பதியும். இதுல என்ன அற்புதம்?" என்று சாமுவேல் இன்றும் கிண்டல் செய்வான். செய்யட்டும். அந்தப் பசையை அந்த நேரத்துக்கு என் நெற்றியில் வைத்தது யார்? முடியாது என்றவரை ஒரு வாட்டி பார்க்கலாம் என்று சொல்ல வைத்தது யார்? எனக்குத் தெரியும். அவருக்கே ஸ்தோத்திரம்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது, பழைய இடத்தை விட்டாயிற்று, புதிய இடம் கிடைக்கவில்லை என்று நடுவில் தவித்துக்கொண்டிருக்கலாம். அந்த நடுவில் நான் நின்றிருக்கிறேன். ஆண்டவர் அங்கேயும் இருந்தார். பயம் போகட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பயத்தோடேயே கூப்பிடுங்கள். எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. அது போதுமாக இருந்தது.