பதினெட்டு இறகும் ஒரு சிவப்புச் சீட்டும்

ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் எனக்குத் தர ஆய்வாளர் வேலை. அதாவது, அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம். தேறாத உருப்படியில் சிவப்புச் சீட்டைக் கட்டித் தொங்கவிடும்போது எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மத்திகிரிப் பக்கம் ஒரு முன்னாள் பட்டாளத்துக்காரர் ஞாயிறுதோறும் வில்வித்தை சொல்லித் தந்தார். என் மனைவி அதில் சேர்ந்தாள். மதுரையிலிருந்து வந்து நாலு வருடமாக ஒற்றை அறை வீட்டில் என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு எதையாவது குறிபார்த்து அடிக்கத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. மூன்று மாதத்தில் அவள் நடையே மாறிவிட்டது.

"வர்ற ஞாயித்துக்கிழமை புதுசா சேந்தவங்களுக்குப் போட்டிங்க. இரவல் அம்பு கூடாதாம். சொந்தமா மர அம்பு, குறைஞ்சது மூணு வேணும். இல்லாட்டி கோட்டுக்கு வெளிய நின்னு கை தட்ட வேண்டியதுதான்" என்றாள்.

"மூணு என்ன, ஆறு செஞ்சு தர்றேன்" என்றேன். என் உடம்பில் ஓவர்டைம் பார்ப்பது வாய் மட்டும்தான்.

குச்சிகளைத் தச்சுப்பட்டறையில் கடைந்து வாங்கினேன். இறகு பக்கத்து வீட்டம்மா தந்தது. வான்கோழி வளர்க்கிறவர், கோழிகளோடு தெலுங்கிலும் எங்களோடு தமிழிலும் சண்டை போடுவார். நூல் சுற்றிய இரண்டு கட்டுகளை நீட்டி, "கட்டப் பிரிச்சு ஒண்ணாக் கலந்துடாதீங்கண்ணா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அளந்து பார்க்காமல் கட்டிய கட்டு எல்லாம் ஒரு கட்டா? வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் பிரித்து ஒன்றாகக் கொட்டி, வெர்னியர் அளவுகோல் வைத்து நீளம், தண்டின் தடிமன் பார்த்துப் புதிதாகப் பிரித்தேன்.

பிறகு ஆரம்பித்தது வேதனை. ஓர் அம்புக்கு மூன்று இறகு, சம இடைவெளியில். முதல் இறகு நிற்கும். இரண்டாவதை வைத்தால் முதலாவது சாயும். மூன்றாவதை வைக்கும்போது என் கட்டைவிரலும் அம்பில் ஓர் உறுப்பாகிவிடும். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து, நாலு மத்தியானம் பசையோடு மல்லுக்கட்டினேன். தும்மக்கூட வழியில்லை. ஒரு தும்மலுக்கு ஏழு இறகு அலமாரிக்கடியில் போனது. ஆனாலும் முதல் அம்பை அளந்து, அரை மில்லிமீட்டர்கூடப் பிசகில்லை என்று நானே ஓ.கே. போட்டு, மற்ற ஐந்தையும் அதேபோல் ஒட்டித் தள்ளினேன். பதினெட்டு இறகு.

சனிக்கிழமை மத்தியானம் பின்பக்கக் காலிமனையில் அவள் முதல் அம்பை விட்டாள். அது பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி இப்படியும் அப்படியும் தடுமாறி மண்ணில் விழுந்தது. இரண்டாவது, பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த பாவாடையில் குத்தி நின்றது.

அவள் வில்லை இறக்கினாள். "ஃபர்ஸ்ட் பீஸுக்கு யாரு ஓ.கே. குடுத்தது?"

"நான்தான்."

"விட்டுப் பாத்தீங்களா?"

"அளந்து பாத்தேன்."

பாவாடையிலிருந்து அம்பைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்து வீட்டம்மா வந்துவிட்டார். இறகைத் தடவிப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ ராமா! எடது றெக்கை ஒரு பக்கம் வளையும், வலது றெக்கை இன்னொரு பக்கம் வளையும். அதுக்குத்தானே தனித்தனியாக் கட்டிக் குடுத்தேன்! றெக்கை விசிறி கட்டுறப்பவே நாங்க கலக்க மாட்டோம். நீங்க ஒரே அம்புல ரெண்டையும் ஒட்டி வெச்சிருக்கீங்க. அது எந்தப் பக்கம்ணா போவும்?"

"அளவு சரியாத்தான் இருந்துச்சு" என்றேன். இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் நான் வீட்டுச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

ஒட்டியதைப் பிளேடால் சுரண்டினேன். என் பசை அப்படி. இறகு கிழிந்ததே தவிரப் பிரியவில்லை. மூன்று குச்சிகளை மட்டும் மீட்டேன். மிச்சமிருந்த இறகுகளை இரண்டு பெண்களும் தரையில் பரப்பி, வெர்னியர் இல்லாமல், வெறும் கண்ணால், பேச்சுவாக்கில் பிரித்தார்கள். ஒரே பக்கத்து இறகு எட்டுதான் தேறியது. மூன்று அம்பும் ஒரே மாதிரிப் பறக்க ஒன்பதும் ஒரே பக்கத்ததாக வேண்டுமாம். என் மனைவியின் முகம் வாடிவிட்டது. நான் அலமாரிக்கடியில் தரையோடு தரையாகப் படுத்து, தும்மலில் பறந்த ஏழையும் ஒட்டடையோடு வெளியே இழுத்தேன். அதில் ஒன்று அந்தப் பக்கத்தது. அந்த வாரத்தில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான். அதற்கும் காரணம் என் தும்மல்.

ஒட்டும்போது என்னைக் கிட்டே விடவில்லை. டீ போடச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கோட்டுக்கு உள்ளே நின்றாள். கடைசிக்கு முந்திய இடம். ஆனால் மூன்று அம்பும் நேராகப் போய்ப் பலகையில் நின்றன. கோட்டுக்கு வெளியே நின்று கை தட்டியது நான். "யாரும்மா செஞ்சது?" என்று பட்டாளத்துக்காரர் கேட்டபோது, "வீட்ல ஒரு இன்ஸ்பெக்டர் இருக்காரு சார், அவரை டீ போட அனுப்பிட்டு நாங்க செஞ்சோம்" என்றாள்.

திங்கட்கிழமை விடிகாலை ஷிஃப்டுக்குக் கிளம்பினேன். மீந்த மூன்று அம்புகளும் கதவோரம் சாய்ந்திருந்தன. சிவப்புச் சீட்டு அவற்றில் இல்லை. என் சட்டைப் பொத்தானில் தொங்கியது. "குறை" என்ற இடத்தில் அவள் கையெழுத்து: "சொன்னால் கேட்பதில்லை. மறுவேலை செய்து பயன்படுத்தலாம்."