தலைக்கயிற்றைப் பிடித்தவர்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இது எனக்கு நடந்தது. ராத்திரியில்கூட இல்லை, பட்டப்பகலில். இன்றைக்கும் இதைச் சொல்லும்போது பயத்தைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

நான் குதிரைகளுக்கு அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர். அன்று மதியம் இரண்டேகாலுக்கு ஒரு பெண் குதிரையைக் கொண்டுவந்தார்கள். வயிற்றுவலி. வியர்த்துக் கொட்டியது, மூச்சு இளைத்தது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். மூச்சுச் சத்தம் கேட்க வேண்டிய இடத்தில்... களக் களக் என்று குடல் சத்தம்.

"எங்கயாவது கீழ விழுந்துச்சா?" என்று அதன் முதலாளியைக் கேட்டேன்.

"சேச்சே! வெறும் வாயு டாக்டர். ஊசி போட்டு அனுப்புங்க. ஞாயித்துக்கிழமை பந்தயம் இருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். குதிரையின் தலைமாட்டில் ஓர் ஆள் நின்றிருந்தார். சட்டையெல்லாம் சேறு. நிமிராமலே சொன்னார்.

"விழுந்துச்சு டாக்டரம்மா... வேலி தாண்டும்போது. இடப்பக்கமா."

இடப்பக்கம் ஸ்கேன் செய்தேன். நுரையீரலை ஒட்டிக் குடல் நெளிந்தது. வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிந்து, குடல் நெஞ்சுக்குள் ஏறியிருந்தது. முதலாளியோடு சண்டை போட்டுத்தான் சம்மதம் வாங்கினேன்.

மல்லாக்கப் போட்டு வயிற்றைத் திறந்தோம். அதற்குப் பிறகு குதிரைக்கு மெஷின்தான் மூச்சு. புஸ்... புஸ்... குடலைக் கீழே இழுத்துவிட்டு, கிழிசலைத் தைத்தேன். அந்த ஆள் அங்கேயும் தலைமாட்டில் நின்றார்.

"மாஸ்க் இல்லாம உள்ள வராதீங்கய்யா!" என்று கத்தினேன்.

மயக்க மருந்து டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மயக்கம் தெளிந்து எழும்போது குதிரை விழுந்தால் தையல் பிரிந்துவிடும். அதனால் தலையிலும் வாலிலும் கயிறு கட்டி, சுவர் வளையங்கள் வழியே வெளியிலிருந்து பிடிப்போம். வால்கயிறு என்னிடம். எதிர்ச்சுவருக்குப் பின்னால் நீலத் தலைக்கயிறு. அதை அந்த ஆளைப் பிடிக்கச் சொல்லியிருந்தேன்.

ஐந்து நாற்பது. குதிரை எழுந்தது.

தடுமாறியது...

"விட்டுடாதீங்க!"

"விடமாட்டேம்மா..."

கயிறு விறைத்தது.

குதிரை நின்றுவிட்டது.

சுற்றிக்கொண்டு ஓடினேன்.

யாரும் இல்லை.

கயிறும் இல்லை.

நேரே முதலாளியிடம் போய்க் கத்தினேன். "உங்க ஆள் உண்மையைச் சொல்லலைன்னா குதிரை செத்திருக்கும்!"

"எந்த ஆள்? நானும் டிரைவரும்தானே வந்தோம்?"

சேற்றுச் சட்டையைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. பக்கத்தில் நின்ற டிரைவர் உடைந்து அழுதார்.

"குதிரையைப் பாத்துக்கிட்டவருமா அவரு. அது விழுந்தப்ப அடியில மாட்டி அங்கயே செத்துட்டாரு. வெளிய தெரியக்கூடாதுன்னு வேலி ஓரமாவே புதைக்கச் சொல்லிட்டாரு இவரு. மூணு வாரமாச்சு. அவரு வீட்டுல கேட்டதுக்கு, வேலையை விட்டுட்டு ஓடிட்டான்னு சொன்னாரு."

போலீஸுக்கு நானே போன் செய்தேன். மறுநாள் தோண்டினார்கள். நானும் போயிருந்தேன். இடப்பக்க விலா எலும்புகள் நொறுங்கியிருந்தன. மூடியிருந்த கையைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

கைக்குள் எங்கள் ஆஸ்பத்திரியின் நீலக் கயிறு.