சாமி மேடையில் ஒரு மாத்திரை போத்தல்

எங்கள் வம்சத்திலேயே ஒரு மாட்டுக்கு ஈமக்காரியம் செய்தவள் நான் ஒருத்திதான். மாடு முழுசாகக் கிடைக்கவில்லை. பச்சையும் வெள்ளையுமாக முப்பத்தாறு மாத்திரைக் கூடுகள்தான் கிடைத்தன. கிள்ளானில் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் குழி தோண்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, மேலே ஒரு செவ்வந்திப் பூவையும் போட்டு மூடினேன். அப்போது எனக்குப் பத்து வயது, தமிழ்ப்பள்ளியில் நாலாம் ஆண்டு. செய்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்லுவேன். கற்பூரம் மட்டும் கொஞ்சம் அதிகப்படி.

இதற்கெல்லாம் காரணம் அத்தை. அப்பாவின் ஒரே தங்கை, எங்கள் தாமான் குடியிருப்பிலேயே இரண்டு வரிசை தள்ளி இருந்தாள். ஷா ஆலாமில் ஒரு எலெக்ட்ரானிக் பேக்டரியில் சூப்பர்வைசர். அவள் பேசினால் மிஷின் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும். வீட்டிலும் அதே குரல்தான். அந்த அத்தைக்கு வயிற்றில் ஒரு கட்டி வந்து ஆபரேஷன் ஆயிற்று. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஆனால் வீட்டுக்கு வந்தவள் வேறு யாரோ மாதிரி இருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சத்தத்தை அணைத்த டிவியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஆறு மாதத்துக்கு மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னது அவளுக்கு எதுவுமே செய்யக் கூடாது என்று கேட்டிருக்க வேண்டும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், பதில் வராது. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

அப்பா போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டினார். சாமி கும்பிடுவார், ஆனால் அவசரமாகக் கும்பிடுவார். கோழிக்கறி இல்லாத ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை. அப்படிப்பட்டவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, தங்கச்சி பிழைத்து எழுந்தால் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். நாற்பத்தெட்டு நாள் விரதம். ஒரு வேளை மரக்கறிச் சாப்பாடு, தரையில் படுக்கை, செருப்பு கிடையாது. வெறுங்காலோடு லோரி ஏறும் அப்பாவைப் பார்த்து போர்ட்டே சிரித்ததாம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை, அவரோடு சேர்ந்து அவளும் நானும் மரக்கறிக்கு மாறினோம். விரதம் சுத்தமாக இருந்தால்தான் அத்தைக்கு நோய் திரும்பாது என்று அம்மா எனக்குச் சொல்லி வைத்திருந்தாள். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

விரதம் தொடங்கிய பத்தாம் நாள் அத்தை எங்கள் வீட்டுக்குள் நுழைந்தாள். நுழைந்தது பழைய அத்தை. கையில் ஒரு பெரிய பை, கழுத்தில் ஒரு பேட்ஜ். பக்கத்து வீட்டு ஆன்டி அவளைப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் நடந்த கூட்டத்துக்கு இழுத்துப் போயிருக்கிறாள். சத்து மாத்திரை விற்கும் கம்பெனி. மூன்று மணி நேரம் கைதட்டியிருக்கிறார்கள். அத்தை அங்கேயே மெம்பர் ஆகிவிட்டாள்.

"இம்யூனிட்டிக்கு இதுதான் அண்ணே. உடம்பு ரிலாக்ஸ் ஆகும், தூக்கம் நல்லா வரும். செல் லெவல்ல போய் வேலை செய்யும் லா," என்றாள்.

செல் என்றால் என்ன என்று அப்பா கேட்கவில்லை. அத்தை அவருடைய நகத்தைப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். மூன்றும் மோசம் என்று சொல்லிவிட்டு பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தாள்.

"விரதத்துல இருக்கேனேம்மா," என்றார் அப்பா.

"ஹலால் லோகோ போட்டிருக்கு பாருங்க. அதுல அசுத்தமா ஒன்னும் இருக்காது. எல்லாம் இலை, தழை."

எங்கள் வீட்டில் அந்த முத்திரைக்கு அப்படி ஒரு மரியாதை. பிஸ்கட்டில் இருந்து பற்பசை வரைக்கும் அதைப் பார்த்துவிட்டுத்தான் அம்மா கூடையில் போடுவாள். பன்றிக் கொழுப்பு இல்லை என்றால் வேறு என்ன பயம்? அத்தை போத்தலைச் சாமி மேடையில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மாலை பூஜை முடிந்ததும் இரண்டு மாத்திரை, தினமும் அவளே வந்து பார்ப்பாள் என்று ஏற்பாடு.

அப்படியே வந்தாள். அப்பா இரண்டு மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, அண்ணாந்து தண்ணீர் குடித்து, "லோரியப் பார்த்துட்டு வரேன்" என்று வெளியே போவார். அத்தை அவர் போவதைப் பெருமையாகப் பார்த்துவிட்டு, தன் பையில் இருக்கும் போத்தலிலிருந்து தன் பங்கைச் சாப்பிடுவாள். அவளுக்கு மாத்திரை விழுங்க வராது, சின்ன வயசிலிருந்தே தொண்டையில் சிக்கும். அதனால் கூட்டை இரண்டாகத் திருகித் தூளை வெந்நீரில் கொட்டிவிட்டு, கூட்டைக் குப்பையில் போட்டுவிடுவாள். குடிக்கும்போது அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க நான் எதிரிலேயே உட்கார்ந்துகொள்வேன். குடித்து முடித்ததும் யார் யாருக்கு என்ன மாத்திரை விற்றாள் என்று அரை மணி நேரம் பேசுவாள். அம்மாவுக்குத் தலைவலி வந்தது, அதற்கும் அத்தையிடம் ஒரு மாத்திரை இருந்தது.

பன்னிரண்டு நாள் இப்படிச் சந்தோஷமாகப் போயிற்று. அப்புறம்தான் மலாய் டீச்சர், வீட்டிலிருந்து ஏதாவது ஒரு பொருளின் லேபிளை எழுதிக்கொண்டு வரச் சொன்னார். மற்றவர்கள் மைலோ டின்னையும் சார்டின் டின்னையும் எழுதினார்கள். எனக்கு எதிலும் ஒரு படி மேலே இருக்க வேண்டும். நான் மாத்திரை போத்தலை எடுத்து, கண்ணுக்கே தெரியாத எழுத்தையெல்லாம் ஒன்று விடாமல் எழுதினேன். கடைசி வரியில் கூடு எதனால் செய்தது என்று போட்டிருந்தது. ஜெலாத்தின், அடைப்புக்குறிக்குள் லெம்பு.

லெம்பு என்றால் மாடு. ஒன்றாம் ஆண்டிலேயே படம் பார்த்துப் படித்தது. ஜெலாத்தின் என்றால் என்ன டீச்சர் என்று கேட்டேன். எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது என்று சொல்லிவிட்டு, கையெழுத்து அழகாக இருக்கிறது என்று ஒரு நட்சத்திரம் போட்டுக் கொடுத்தார். அந்த நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? முட்டைகூடத் தொடாமல் விரதம் இருக்கும் என் அப்பா, பன்னிரண்டு நாளாக முருகன் படத்துக்கு முன்னாலேயே நின்று மாட்டை விழுங்கிக்கொண்டிருக்கிறார்.

வேன் வீடு வந்து சேர்வதற்குள் எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். அப்பாவிடம் சொன்னால் விரதம் உடைந்தது உறுதியாகிவிடும். அத்தையிடம் சொன்னால், தனக்காக எடுத்த விரதத்தைத் தானே கெடுத்தோம் என்று திரும்பவும் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவாள். சொல்லாவிட்டால் அப்பா இன்றைக்கும் இரண்டு விழுங்குவார், அத்தைக்கு நோய் திரும்பும். அம்மாவிடம் சொல்லலாம். ஆனால் அம்மா வாயில் எதுவும் நிற்காது, அது ஊருக்கே தெரியும்.

அத்தையைப் பார்த்துக் கற்ற வித்தைதான் கை கொடுத்தது. போத்தலைச் சட்டைக்குள் மறைத்துக் குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். மீதி இருந்த முப்பத்தாறையும் ஒவ்வொன்றாகத் திருகித் தூளை ஒரு கிண்ணத்தில் தட்டினேன். மழையில் நனைந்த புல் வாடை. தூளை மட்டும் வீணாக்க மனசு வரவில்லை, அத்தை அதைப் பற்றி அவ்வளவு சொல்லியிருந்தாளே. பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்துப் பிசைந்து, வறுத்த கச்சான் கடலையைப் பொடித்துப் போட்டு, தூளையும் சேர்த்து முப்பத்தாறு குட்டி உருண்டை பிடித்துப் போத்தலில் அடைத்தேன். கூடுகளைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் இழுத்தால் எல்லாம் மிதந்துகொண்டு திரும்பி வந்தன. திரும்பத் திரும்ப இழுத்தும் போகவில்லை. வாரி எடுத்துக் கழுவினேன். அப்போதுதான் ஈமக்காரியம் செய்யும் யோசனை வந்தது.

அன்று மாலை பூஜை முடிந்து அப்பா போத்தலைக் கவிழ்த்தார். உள்ளங்கையில் இரண்டு உருண்டை விழுந்தது. அப்பா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் காலண்டரில் பள்ளி விடுமுறை எப்போது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா உருண்டையை வாயில் போட்டு மென்றார். வெகு நேரம் மென்றார்.

"இன்னைக்கு மாத்திரை ரொம்ப நல்லா இருக்கு," என்றார்.

முன்னறையில் இருந்த அத்தைக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "பாத்தீங்களா, உடம்பு ஏத்துக்கிச்சு," என்றாள். அப்பா இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டார். லோரியைப் பார்க்க வெளியே போக மறந்துவிட்டார். அடுத்த நாளும் நாலு, அதற்கடுத்த நாளும் நாலு. போத்தல் ஒன்பதே நாளில் காலி. அத்தை கம்பெனிக்குப் போன் போட்டு, நாலு சாப்பிட்டால் ஒன்றும் ஆகாதே என்று விசாரித்துவிட்டு இரண்டாவது போத்தலைக் கொண்டு வந்தாள். நான் பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் மறுபடி குளியலறைக்குள் போனேன். பேரீச்சம்பழ டப்பாவுக்குக் கால் முளைத்துவிட்டதா என்று அம்மா வெளியே நின்று கத்தினாள்.

இரண்டாவது போத்தலில் முதல் உருண்டையை மென்றுவிட்டு அப்பா சொன்னார்: "கொஞ்சம் ஏலக்காய் இருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

"மாத்திரையில ஏலக்காயா? என்னண்ணே பேசுறீங்க," என்றாள் அத்தை.

"கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லிப் பாரும்மா."

நான் மறுநாளே எல்லா உருண்டையையும் பிரித்து ஏலக்காய் போட்டேன். அப்பா எதற்காக அப்படிச் சொன்னார் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. முருகனே அப்பா வாய் வழியாகச் சமையல் குறிப்பு சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு புத்திசாலி நான்.

ஆனாலும் படுத்தால் அந்த முதல் பன்னிரண்டு நாளையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பேன். விரதம் கெட்டவன் எடுக்கும் பால் திரிந்துபோகும் என்று பள்ளியில் ஒருத்தி வேறு சொல்லிவிட்டாள். இருபத்து நாலு மாத்திரை. அவ்வளவு மாட்டுக்கு எவ்வளவு திரியும்?

தைப்பூசத்தன்று விடியுமுன் கொமுட்டர் ரயிலில் பத்துமலைக்குப் போனோம். ரயிலே மஞ்சளாக இருந்தது. ஆற்றில் குளித்து, காவடியின் இரு பக்கமும் பால் செம்பைக் கட்டி, வாழை இலையால் மூடி, மஞ்சள் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். அப்புறம் வெயில் ஏறியது. கூட்டம் நகரவே இல்லை. மேளமும் உருமியும் காதைப் பிளக்க எல்லோரும் ஆடினார்கள், எங்கள் அப்பாவும் ஆடினார், ஆடத் தெரியாமல் ஆடினார். நான் மட்டும் செம்பையே பார்த்துக்கொண்டு, பாலே திரியாதே, பாலே திரியாதே என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

படிக்கட்டுக்குக் கீழே வந்ததும் அம்மா அத்தையை ஒரு பந்தலில் உட்காரச் சொன்னாள். டாக்டர் சொன்ன ஆறு மாதம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அத்தை படிகளை அண்ணாந்து பார்த்தாள். "இல்ல அண்ணி, நான் ஏறுவேன்," என்றாள். அப்பா காவடியோடு அவள் வேகத்துக்கு ஏற ஆரம்பித்தார். அவள் நின்றால் நின்றார், அவள் மூச்சு வாங்கி முடித்ததும் ஏறினார். பின்னால் வந்தவர்கள் சத்தம் போட்டார்கள். இருநூற்று எழுபத்திரண்டு படி. அத்தை மேலே கால் வைத்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன், பேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்து முகம்.

உள்ளே ஐயர் துணியை அவிழ்த்தார். இலையை எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன், ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். பால் வெள்ளை வெளேரென்று, கறந்த மாதிரி வேல்மேல் வழிந்தது. நான் குதித்த குதியில் முன்னால் நின்றவரின் விபூதித் தட்டு கவிழ்ந்துவிட்டது. அவர் திட்டினார். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும் என்று இருந்தது எனக்கு.

அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பாத்தீங்களா அண்ணே, ஏறிட்டேன். எல்லாம் மாத்திரைதான்."

அப்பா நெற்றியெல்லாம் விபூதியும் வியர்வையுமாக அவளைப் பார்த்தார். "ஆமாம்மா. மாத்திரைதான்," என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறக்கப் போனேன். அப்பா என் தலையில் கையை வைத்து அழுத்தினார்.

மறுநாள் அப்பாவோடு லோரியில் ஏறினேன், முன்கண்ணாடி துடைக்க. ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்துப் பெட்டியில் துணி தேடினால் ஒரு பிஸ்கட் டப்பா கலகலத்தது. திறந்து பார்த்தேன். பச்சையும் வெள்ளையுமாக மாத்திரைகள். இரண்டு தரம் எண்ணினேன், இருபத்து நாலு. அப்பா வாயில் எதையும் போடவே இல்லை, விரலிடுக்கில் வைத்துக்கொண்டு வெறும் தண்ணீரைக் குடித்திருக்கிறார்.

"நீ மட்டும்தான் மலாய் படிப்பியா?" என்றார் அப்பா, ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே.

எனக்கு முதலில் சந்தோஷம், அப்புறம் கோபம். எல்லாம் தெரிந்திருந்தும் மாத்திரைதான் என்று அத்தையிடம் ஏன் சொன்னீர்கள், அதுவும் முருகன் முன்னாலேயே, என்று கேட்டேன். நாற்பத்தெட்டு நாள் வெறுந்தரையில் படுத்தது யார், போர்ட்டில் எல்லோரும் சிரிக்க வெறுங்காலோடு நடந்தது யார், அதையெல்லாம் ஒரு போத்தலுக்கா தூக்கிக் கொடுப்பது?

"அத்தை ஏறிட்டாளா இல்லையா?"

"ஏறிட்டாங்க."

"அப்புறம் என்ன," என்று சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். கோழிக்கறி சாப்பிட்டு முடித்த ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு அது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. சாமியிடமே பொய் சொல்லிவிட்டு இவருக்குக் கொஞ்சம்கூட பயமில்லையே என்றுதான் வருத்தப்பட்டேன். அதனால் வாயை மூடிக்கொள்வதற்கு ஒரு ஐஸ்கிரீம் கேட்டேன். இரண்டாக வாங்கிக் கொடுத்தார்.