பகல் ஒன்றரை மணிப் படம்

மார்ச் பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை. ஐந்தே காலுக்கு எழுந்தேன். தண்ணீர் மோட்டாரைப் போட்டேன், பால் வாங்கினேன், முந்தைய நாள் மாலை எழுதிய நாட்குறிப்புப் பக்கத்தை ஒருமுறை படித்தேன். கடைசி வரி இப்படி இருந்தது: 'புகை மேற்கே, திருப்பத்தூர் பக்கம். ஆரணிக்குப் பயமில்லை.' அதை நம்பித்தான் அன்று விடியும் முன்பே அண்ணி தெருவில் இறங்கியிருந்தார்.

ஜவ்வாது மலையில் கோடைதோறும் காடு எரியும். அந்தப் புகை ஊருக்குள் வந்தால் அண்ணிக்கு மூச்சு இழுக்கும். புகை நாளில் வெளியே வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, எது புகை நாள் என்று பார்த்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவன். மாலையில் வீடு திரும்பியதும் கணினியில் செயற்கைக்கோள் படத்தைத் திறப்பேன். தீ சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். அவற்றிலிருந்து சாம்பல் நிறக் கீற்று ஒன்று கிளம்பும். மேகம் என்றால் ஓரம் உண்டு, தரையில் நிழலும் விழும். புகைக்கு இரண்டும் இல்லை. கீற்று சாயும் திசையை இரண்டு கோடைகளாக ஒரு நாள் விடாமல் குறித்துவந்தேன்.

அண்ணி அடுக்களையிலிருந்தே கேட்பார். "இன்னா தம்பி, மேல இருந்து இன்னா சேதி? நாளைக்கு எனக்கு ஜாமீன் உண்டா, இல்ல உள்ளயேதானா?"

அந்த வாரம் எங்கள் வீட்டுத் தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்ட வேண்டியிருந்தது. இரு முனையிலும் இழுத்துக் கட்டி, வெயில் ஏறுமுன் கஞ்சி தடவ வேண்டும். ஈரத்தில் அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவதில் அண்ணியின் கைக்கு ஈடு கிடையாது. புகையைச் சொல்லி நான் ஏற்கெனவே அவரை இரண்டு பாவுகளுக்குத் தடுத்திருந்தேன். "பேஜாரா கீது தம்பி, சரியா பாத்து சொல்லுங்க" என்றார். பார்த்தேன். கீற்று மேற்கே தெளிவாகச் சாய்ந்திருந்தது. "தாராளமா போங்க அண்ணி" என்றேன்.

செவ்வாய் காலை ஆறு மணிக்கு வெளியே வந்தபோது கரிந்த சருகின் வாசனை அடித்தது. பாவின் மறுமுனைக் கம்பம் மங்கலாகத் தெரிந்தது. பனி என்று நினைத்துக்கொண்டு எல்லாரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அண்ணி ஓர் அறுந்த இழையைப் பிடித்தபடி நின்றார். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. "உள்ள வாங்க அண்ணி" என்று கத்தினேன். கையை மட்டும் அசைத்தார். முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். பிறகு அவரால் எழ முடியவில்லை. அண்ணன் ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

நான் உள்ளே போய் அந்தப் படத்தை மறுபடி திறந்தேன். மூலையில் சிறிய எழுத்தில் நேரம் இருந்தது: பகல் ஒன்றரை. எல்லாப் படங்களும் ஏறக்குறைய அதே நேரத்தில் எடுத்தவை. பகலில் கடல் காற்று புகையை மேற்கே தள்ளும். பொழுது சாய்ந்தால் காற்று திரும்பும். மலை குளிர்ந்து புகை சரிவில் இறங்கி நம் பக்கம் வரும். திசையை அவ்வளவு துல்லியமாகக் குறித்த நான், நேரத்துக்கென்று ஒரு கட்டம்கூடப் போடவில்லை. பகலின் படத்தை வைத்து விடியலுக்கு உத்தரவு கொடுத்திருக்கிறேன்.

மாலையில் ஆஸ்பத்திரியில் அதை அவரிடம் சொன்னேன். மூச்சுக் கருவியின் முகமூடியை விலக்கி, "அப்ப நீங்க சொன்னது பழைய சேதியா? பேப்பர்காரன் கூட ஜல்தியா குடுப்பான்" என்றார். அண்ணன் சிரித்தார். என்னால் முடியவில்லை. அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்த இழைய முடிஞ்சிட்டேன் இல்ல, உடுங்க தம்பி" என்றார்.

அதன்பின் அவர் நான்கு கோடைகளைக் கண்டார். மலையில் புகையே இல்லாத ஒரு ஐப்பசி மழை நாளில்தான் போனார். எனவே அது என் கணக்கில் வராது என்று பலரும் சொன்னார்கள். அப்படி எழுதிவைக்க எனக்குக் கை வரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கு மறுநாள், புதன்கிழமை காலையும் ஐந்தே காலுக்கு எழுந்தேன். மோட்டாரைப் போடவில்லை. மாடிக்கு ஏறி மேற்கே திரும்பி மூச்சை ஆழ இழுத்தேன். வாசனை இருந்தது. அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் செய்தேன். "டாக்டர் போலாம்னு சொன்னாலும் இப்ப கூட்டிகினு வராதீங்க அண்ணா. வெயில் ஏறட்டும்."