தியெப் கடற்கரையில் வைத்த இலை

போன கிழமை மேல்மாடியில் இருக்கிற பிள்ளை கதவைத் தட்டினாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை, இங்கே படிக்க வந்தவள். போனில் கடல் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டி, "ஆன்ட்டி, சண்டே ஃப்ரெண்ட்ஸோட தியெப் போறோம். நீங்க போயிருக்கீங்களாமே, அங்க என்னெல்லாம் பாக்கலாம்?" என்று கேட்டாள்.

முகத்தைப் பார்த்து யாரும் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. கடற்கரையோடு பெரிய புல்வெளி இருக்கு, பட்டம் விடுவினம் என்றேன். மேட்டில் ஒரு கோட்டை. பக்கத்தில் சுண்ணாம்பு அடித்த மதில் மாதிரி வெள்ளைப் பாறை. கொஞ்சம் தள்ளிப் போனால் பூந்தோட்டம். இவ்வளவும் சொல்லி முடிக்க எனக்கு வேர்த்துவிட்டது. "சூப்பர் ஆன்ட்டி" என்று போய்விட்டாள். மிச்சத்தை உங்களுக்கு எழுதுகிறேன். எழுதும்போது எதிரில் ஆள் இல்லை, அது வசதி.

அந்தப் புல்வெளி என்றதும் எனக்கு வருவது புளிச்சாத மணம். எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் மரக்கறிக்கடை வைத்திருந்த அண்ணை கோடைக்கு ஒருமுறை பஸ் பிடித்து எங்களை எல்லாம் கடலுக்குக் கூட்டிப்போவார். வழக்கமாக ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் போகும். அந்த வருசம் பயணம் ஆடி அமாவாசையில் விழுந்ததால் புளிச்சாதம்.

"அண்ணை, கலண்டர் பாக்காமலோ பஸ் பிடிச்சனீங்கள்?" என்று பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"பஸ்காரன் வெள்ளைக்காரன், பிள்ளையள். அவனுக்கு எது அமாவாசை, எது பறுவம்?"

அதற்கு முதல்நாள்தான் என் மகன் கேட்டான். "அம்மா, கடலுக்குத்தானே போறம். அப்பாவுக்கு இந்த முறை செய்வமே?"

அவன் தகப்பன் ஊரில் ஒருநாள் சைக்கிளில் பணிஸ் வாங்கக் கடைக்கு வெளிக்கிட்டவர். ஆளும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. மகனுக்கு அப்போது ஏழு வயது. ஆடி அமாவாசைக்குத் தகப்பனை இழந்த பிள்ளைகள் விரதமிருந்து, இலையில் படைத்து, எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். இவன் இறைத்தால் அவர் இல்லையென்று ஆகிவிடும். அவர் இல்லையென்றால் என் நெற்றியில் பொட்டு இருக்கக்கூடாது. எங்களில் அப்படித்தான்.

எனக்கு அழுகை வரவில்லை. ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். விரலில் ஒட்டின மாவைப் பார்த்தபடி "ஓம்" என்றேன்.

போய் இறங்கினபோது கடல் தூரத்தில் கிடந்தது. கல்லெல்லாம் தாண்டி ஈரமணல். மகன் தண்ணீருக்குக் கிட்டப் போய் வாழையிலை விரித்து, அரிசி, காய்கறி, எள்ளு, தர்ப்பை எல்லாம் வைத்தான். இலை பறக்காமல் நாலு மூலைக்கும் கல். எங்களோடு வந்த ஐயர் தன் பிள்ளைகளுக்குக் கோட்டையைக் காட்டிவிட்டுப் பத்து நிமிசத்தில் வருகிறேன் என்று மேட்டுக்கு ஏறினார். நான் இலைக்குக் காவலாக, கொஞ்சம் மேலே ஒரு கல்லில் இருந்தேன்.

எங்கள் ஊர்க் கடல் வைத்த இடத்தில் இருக்கும். காலையில் கால் நனைத்த இடத்தில் பின்னேரமும் நனைக்கலாம். இந்தக் கடல் எழும்பி நடந்து வரும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சட்டி, பானை, செருப்பு எல்லாவற்றையும் மணலில் வைத்துவிட்டுத் தாயம் விளையாடினார்கள்.

முதலில் போனது அண்ணையின் செருப்பு. "பிடியுங்கோடா, இத்தாலிச் செருப்படா!" என்று அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட, எல்லாரும் சிரித்துக்கொண்டு சோற்றுப் பானைகளைத் தூக்க ஓடினார்கள். மகனும் ஓடினான்.

தண்ணீர் இலைக்கு வந்தது. முதலில் ஒரு மூலை நனைந்தது. பிறகு எள்ளு மிதந்தது. என் கைக்கெட்டாத தூரமில்லை, நாலு அடி. நான் எழும்பவில்லை. பயந்தும் இருக்கவில்லை, வேண்டுமென்றும் இருக்கவில்லை. இருந்தேன், அவ்வளவுதான். இலை கல்லிலிருந்து கழன்று, ஒருதரம் சுழன்று, போய்விட்டது.

ஐயர் மூச்சு வாங்க ஓடிவந்தார். "கடலே வந்து எடுத்திட்டுது, இதுக்கு மேலை மந்திரம் வேணுமோ?" என்றார் அண்ணை, ஒற்றைச் செருப்போடு. ஐயர் தலையாட்டினார். "சங்கற்பம் சொல்லேல்லை. செய்ததாகாது. நேரமும் போயிட்டுது, எள்ளும் இல்லை."

மகன் என்னிடம் வந்தான். "அம்மா, நீங்கள் பக்கத்திலைதானே இருந்தனீங்கள்?"

"காணேல்லை தம்பி."

என்னை நல்லாகப் பார்த்தான். பிறகு பானையைத் தூக்கிக்கொண்டு புல்வெளிக்குப் போனான். லாச்சப்பல் வந்து சேரும்வரை அவன் ஒரு பருக்கை சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். புளி கொஞ்சம் கூடுதல்.

அதற்குப் பிறகு இரண்டோ மூன்றோ கோடைதான் பஸ் போனது. அண்ணை காலமாகிவிட்டார். அவருடைய கடையில் இப்போது போன் திருத்துகிறார்கள். மகன் லெ பிளாங்-மெனிலில் வீடு வாங்கிப் போய்விட்டான். ஆடி அமாவாசை வருசாவருசம் வருகிறது. அவன் அந்தக் கதையைப் பிறகு எடுத்ததேயில்லை.

இந்த மாரியில் என்னிடம் இருந்த ஒட்டுப்பொட்டு மட்டையில் கடைசிப் பொட்டும் முடிந்தது. கடை இரண்டு கட்டடம் தள்ளித்தான். நான் வாங்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறு மகன் வந்தான். சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டேன். நிமிர்ந்து என் நெற்றியைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ரசம் இருக்கோ அம்மா?" என்றான்.

ஊற்றினேன்.